ட்ராம் பாட்டின் மூன்றாம் பதிவு

அன்புள்ள சின்னண்ணா,

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் மெல்பேர்ன் வீட்டு முன்னறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நான், உங்கள் மச்சானான என் கணவர், உங்களுக்குப் பத்து வருஷமாக ட்ரம்ஸ் வாசித்த கெவின், சிட்னியிலிருந்து வந்த இசைத்தட்டுக் கொம்பனிக்காரர் கிரகாம். நாலே பேர். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

யார் யார் இருந்தார்கள் என்று சொல்லாமல் ஒரு பதிவைப் பற்றிப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காதே. ஸ்ரூடியோவை விட்டு வெளியே வந்ததும் ரெலிபோனில் கூப்பிட்டு, "கொப்பியை எடு தங்கச்சி" என்பீர்கள். எந்தப் பாட்டு, யார் வாசித்தது, எத்தனை தரம் பாடி எதை வைத்துக்கொண்டார்கள், எல்லாம் சொல்வீர்கள். என் வீட்டுக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். நீங்கள் பாடுகிற சோல் என்றால் என்ன, ஜாஸ் என்றால் என்ன என்று தெரியாமலே எழுதினேன். உங்கள் இசைத்தட்டு உறைகளை அகராதியோடு வைத்து வாசித்துத்தான் எனக்கு ஆங்கிலமே வந்தது.

"என்னண்ணா இது, ஒரே அழுகையாக் கிடக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "இந்தப் பாட்டைத் தொடங்கின அமெரிக்கக் கறுப்புச் சனம் தங்கட கோயில்லதான் முதல்ல பாடினது, தங்கச்சி. நீ சாமியறையில அழுறேல்லையே? அதுதான்" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் கூச்சம் முழுதாகப் போனதா? போயிருந்தால் இந்தக் கடிதத்துக்குத் தேவை வந்திராது.

கொம்பனி இப்போது உங்கள் பாட்டுகள் எல்லாவற்றையும் பதிவான ஒழுங்கில் வெளியிடப் போகிறது. கூடவே ஒரு சிறு புத்தகம். அதில் ஒவ்வொரு பாட்டின் பதிவு வரலாறும் வரும். கிரகாம் என் கொப்பியைத் தேடித்தான் வந்தார்.

உங்கள் ட்ராம் பாட்டுக்கு மூன்று பதிவுகள். முதலாவது சிட்னியில். உங்களைக் கேளாமல் வயலின்களைச் சேர்த்து, வேகத்தையும் கூட்டி வெளியிட்டார்கள். ஊரெல்லாம் வாங்கியது அதைத்தான். நீங்களோ, "கலியாண வீட்டுச் சாப்பாடு மாதிரி. பதினாறு கறி இருக்கும், ஒண்டிலயும் உப்பு இராது" என்று பகிடி பண்ணினீர்கள். இரண்டாவது மெல்பேர்ன் மண்டபத்தில், சனங்களின் முன்னால். பாதி நேரம் கண்ணாடிக் கிளாஸ்களின் சத்தம்.

மூன்றாவது எங்கள் முன்னறையில். பிள்ளைகள் பழகும் பழைய பியானோ, ஒலிநாடாவில் பதிகிற என் ரேப் ரெக்கோடர், நீங்கள், நான். முதலில் கொஞ்ச நேரம் பகிடிக் கதை, பிறகு விரல் பழக்கம், பிறகு அந்தப் பாட்டு. மழைக்குள் ட்ராமுக்குக் காத்து நிற்கிறவன் எவ்வளவு மெதுவாக மூச்சு விடுவானோ அவ்வளவு மெதுவாகப் பாடினீர்கள். ஒரே தரம். முடிந்ததும், "இதுதானடி அந்தப் பாட்டு. பத்திரமா வை" என்றீர்கள்.

பத்திரமான இடம் என்றால் எனக்குச் சாமியறைதான். பிள்ளைகள் தொடமாட்டார்கள், நானும் குளிக்காமல் போகமாட்டேன். பதிகம் பதிந்த ரேப்புகளுக்குப் போலவே உங்கள் ரேப் பெட்டிக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். ஆனால் மேலே ஒன்றும் எழுதவில்லை. உப்பு டப்பாவுக்கும் பெயர் எழுதி ஒட்டுகிற நான், அதில் எழுதவில்லை. சாமி படத்துக்குக் கீழே உங்கள் ஆட்டப் பாட்டின் பெயரை எழுதி வைக்கக் கூச்சமாக இருந்தது. அதுதான் உண்மை, அண்ணா.

இரண்டு கிழமையில் சிட்னியில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது.

முப்பத்தோராம் நாள் இங்கே இருக்கிற நம்முடைய ஆறு தமிழ்க் குடும்பமும் வந்து உங்களுக்காகப் பதிகம் பாடினோம். யாழ்ப்பாணத்திலிருந்து வரமுடியாத அம்மாவுக்கு அதையாவது பதிந்து அனுப்புவோம் என்று சாமியறைக்குப் போய், அழுத கண்ணோடு கைக்கு வந்த ரேப்பை எடுத்துப் போட்டேன். அடுத்த நாளே தபாலில் அனுப்பினேன்.

அம்மாவின் கடிதம் வந்தது. "பதிகம் முடிஞ்ச கையோட அவன் பாடினவன், பிள்ளை. கடைசி நாலு வரிதான். இங்கிலிசு எனக்கு விளங்காது, ஆனா அவன்ரை குரல். கடவுள் எனக்கெண்டு விட்டுவச்சது. அவன் இப்பிடிப் பாடுவான் எண்டு இத்தினை வருஷமா ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

வாசித்துவிட்டு ஓடிப்போய் எல்லா ரேப்பையும் போட்டுப் பார்த்தேன். உங்கள் பாட்டு ஒன்றிலும் இல்லை. உங்கள் ஆத்மாவுக்காகப் பாடிய பதிகத்தால் உங்கள் பாட்டையே அழித்திருக்கிறேன். உங்கள் மச்சானுக்கு மட்டும் சொன்னேன்.

போன மாதம் ஊரிலிருந்து திரும்பிய ஒருவர் கையில் அம்மா அந்த ரேப்பைக் கொடுத்துவிட்டிருக்கிறா. கொம்பனி பிரதி எடுத்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அம்மா விளக்கேற்றிவிட்டு அதைக் கேட்பாவாம்.

சனிக்கிழமை அதைப் போட்டோம். பதிகம் முடிந்தது, "கிளிக்" என்று ஒரு சத்தம், பிறகு உங்கள் கடைசி நாலு வரி. கிரகாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிச்சம் எங்கே?" என்றார்.

நான் ரெக்கோடரை நிறுத்தினேன். உங்கள் மச்சான் முந்திக்கொண்டு, "அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்குச் சுகமில்லை" என்றார். கிரகாம் அதை அப்படியே எழுதினார்: உடல்நலக் குறைவால் முழுதாகப் பாடவில்லை.

கெவின் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பாதியில் விடுகிற ஆளா அவன்? மேடையில் பியானோக் கதிரையின் கால் முறிந்து விழுந்த அன்றும், முழங்காலில் நின்றபடியே பாட்டை முடித்தவன்!" என்றார். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றேன்.

அவர்கள் போன பிறகு உங்கள் மச்சான் மெதுவாகச் சொன்னார். "உதை விடும் சரசு. நீர் அழிச்சனீர் எண்டு அச்சடிச்சு விக்கோணுமே? கொம்மாவும் அறிஞ்சா என்ன செய்வா?"

"அப்ப அண்ணா பாதியில விட்டவர் எண்டு அச்சடிக்கலாமே?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அம்மா அதைக் கடவுள் கொடுத்தது என்று நம்புகிறா. மகள் அழித்ததில் மிஞ்சியது என்று தெரிந்தால், வெள்ளிக்கிழமைகளில் அவ எதைக் கேட்பா?

இரண்டு நாளாகச் சாமியறையில் இருந்து பார்த்தேன். நேற்றுக் காலை கொப்பியை எடுத்து எழுதினேன்: "மூன்றாம் பதிவு. இருந்தவர்கள்: அண்ணா, நான். முழுதாகப் பாடினார். முன்பகுதியைத் தவறுதலாக அழித்தது தங்கை." பிரதி எடுத்துக் கிரகாமுக்கும் கெவினுக்கும் அனுப்பிவிட்டேன். புத்தகம் அச்சுக்குப் போக மூன்று கிழமை இருக்கிறது.

அதற்குள் அம்மாவுக்கு என் வாயாலேயே ரேப்பில் பேசி அனுப்புவேன். கடிதமென்றால் யாராவது பக்கத்தில் நின்று வாசித்துவிடுவார்கள். இது சத்தியம், அண்ணா. இந்தக் கடிதத்தை உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு நம் சங்கத்துச் செய்திமடலில் போடக் கேட்கிறார்கள். அம்மாவின் பதில் வந்த பிறகுதான் கொடுப்பேன். அன்று என்னோடு பதிகம் பாடிய ஆறு குடும்பத்தார் இதை வாசிக்கிறார்கள் என்றால், அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தம்.

ரெக்கோடரை முன்னால் வைத்துக்கொண்டு இருக்கிறேன். முதல் வசனம் வரவில்லை. அம்மாவுக்கு எதைச் சொல்லித் தொடங்கட்டும்? கெதியாகப் பதில் தாருங்கள்.

உங்கள் கடைசித் தங்கச்சி
சரசு