பெரிய கீறலும் மூன்று துளைகளும்

மார்ச் 4
குழந்தை அறுவை சிகிச்சைத் துறைக் கூட்டத்தில் நானும் எதிர் அறைக்காரரும் மறுபடி முட்டிக்கொண்டோம். உணவுக்குழாய் நடுவில் அறுபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு நான் தோள்பட்டை எலும்புக்குக் கீழே கீறி, மார்பைத் திறந்து இரு முனைகளையும் தைக்கிறேன். அவர் மூன்று துளை போட்டு, காமிராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்தே தைக்கிறார். தலைவி எங்கள் வாயை அடைத்துவிட்டார்: பத்து வருடக் கோப்புகளை இருவரும் சேர்ந்து ஒப்பிட வேண்டுமாம். சேர்ந்து.

மார்ச் 9
கோப்பறையில் ஒரே தூசி. அவர் அடுக்கடுக்காகத் தும்முகிறார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மார்ச் 17
அவருடைய குழந்தைகள் சீக்கிரம் வீடு போயிருக்கிறார்கள். என்னுடையவர்களுக்குத் தையல் கசிவு குறைவு. கணவரிடம் சொன்னேன். "அப்போ ரெண்டு பேரும் பாஸ். இனிமே சண்டை எதுக்கு?" என்கிறார். இவருக்கு என்ன தெரியும்?

மார்ச் 24
பழைய நோயாளிகளை வரவழைத்திருந்தோம். இரண்டு நாள் சிசுவாக நான் தைத்தவளுக்கு இப்போது ஒன்பது வயது. எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிறாளாம், அம்மாவுக்கு ஒரே பெருமை. திரும்பி நிற்கச் சொன்னேன். நான் கீறிய பக்கத்துத் தோள் இறங்கியிருக்கிறது.
"டாக்டர், இந்தப் பக்கம் பை நிக்கவே மாட்டேங்குது. ஆனா பல்டி அடிப்பேன், காட்டட்டுமா?"
அடித்தும் காட்டினாள். எதிர் அறைக்காரர் கை தட்டினார். தோளைக் குத்திக்காட்டித் தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 25
உயிரோட அனுப்பினேனே, அது போதாதா? — போதாது போலிருக்கு.

ஏப்ரல் 2
நேற்றுப் பிறந்த பையன். முதல் வாய்ப் பாலுக்கே நுரை தள்ளி நீலம் பாரித்துவிட்டானாம். முறை என்னுடையது. போய் எதிர் அறைக் கதவைத் தட்டினேன்.
"நீங்களே துளை போட்டுச் செய்ங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."
"முடியலன்னா?"
"நான் திறக்கிறேன். அதுக்குத்தானே நிக்கிறேன்."
பாதியில் ஆக்ஸிஜன் இறங்கியது. மயக்க மருத்துவர் கை காட்ட, நிறுத்தினோம். என் கை தன்னால் கத்தியிடம் போனது. ஒரு நிமிடம்... மெல்ல ஏறியது. "அவசரமில்ல, நிதானமா தைங்க" என்றேன். நானா சொன்னேன்? மூன்றாவது மணி நேரத்தின் முடிவில் இரு முனைகளும் சேர்ந்தன.

ஏப்ரல் 9
கசிவு இல்லை. அம்மா மடியில் பத்து மில்லி பால் குடித்து, ஊரைக் கூட்டுவதுபோல் ஏப்பம் விட்டான். அவன் அப்பா அழுதுவிட்டார்.

மே 3
கட்டுரை முடிந்தது. நிலைமை சரியாக இருக்கும் குழந்தைக்குத் துளை, மிகச் சிறியதுக்கும் மூச்சு நிலையில்லாததுக்கும் கீறல். அதிலும் தசையை வெட்டாமல் விலக்கிச் செய்வது. கடைசி வாக்கியத்தை நான்தான் சேர்த்தேன்.

செப்டம்பர் 12
நாலு மாதம் பயிற்சிப் பெட்டியில் ரப்பர் குழாயைத் தைத்துத் தைத்து, இன்று என் முதல் மூன்று துளைகள். காமிரா பிடித்தவர் எதிர் அறைக்காரர். திரை ஆடுகிறதென்று அவரைக் கடிந்துகொண்டேன்.
"திரை ஆடல, உங்க ஊசிதான் ஆடுது."
உண்மைதான். ஆனாலும் தைத்துவிட்டேன், குழந்தை நன்றாக இருக்கிறாள். நாளை அவர் முறை, ஒன்றரைக் கிலோ குழந்தை, திறந்துதான் செய்ய வேண்டும். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறார்.