மாப்பிள்ளை எந்த நோய்க்கு டாக்டர்?

பிப்ரவரி 6, 1939. ராசிபுரம்

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இன்றைக்கும் வாய்ப்பாட்டை மறந்துவிட்டு வந்தார்கள். கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. வீட்டுக்கு வந்தால் இங்கே வேறு கூத்து. வெள்ளியங்கிரி மாமா எனக்கு ஒரு வரன் கொண்டு வந்திருக்கிறார். டாக்டராம், சீமைக்குப் போய்ப் படித்தவராம், பெயர் குமாரசாமி. சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். லீவில் சேலத்துக்கு வந்து அக்கா வீட்டில் தங்கியிருக்கிறார். அப்பா கையோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டார். பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளைப் பூவாம். அம்மன் சம்மதித்துவிட்டாள். என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 9

தம்பி மருதாசலத்தைக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் கொண்டுபோய் மாமாவின் பருத்திக் கிடங்கில் விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அவன் கொழும்பில் வேலையாக இருக்கிறான் என்று சொல்வதாக ஏற்பாடு. பெண் எடுக்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பதே, வீட்டில் யாருக்காவது புத்தி பேதலித்தது உண்டா என்றுதான். தம்பி ஒன்றரை வருஷமாக, யாரோ காதுக்குள்ளே திட்டுகிறார்கள் என்கிறான். படிப்பை விட்டான், குளிப்பதை விட்டான். இருபது வயதுப் பையன்.

வண்டி ஏறும்போது, "நான் என்னக்கா தப்புப் பண்ணுனேன்?" என்று கேட்டான். ஒன்றுமில்லை சாமி என்றேன். வேறு என்ன சொல்வது?

பிப்ரவரி 12, ஞாயிறு



வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை நல்ல உயரம், கண்ணாடி போட்டிருந்தார். அப்பா பேச்சுக்குத்தான் கேட்டார்: "மாப்பிள்ளைங்க எந்த நோய்க்கு டாக்டருங்க? கண்ணுக்குங்களா?"

"புத்தி நோய்க்குங்க."

அப்பாவின் காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது. மாமா வாயில் போட்ட அதிரசத்தை மெல்லவே இல்லை. கதவுக்குப் பின்னால் அம்மா 'ஐயோ' என்றது எனக்குக் கேட்டது. பைத்தியம் இருப்பது தெரியக்கூடாது என்று பிள்ளையை ஒளித்துவைத்த வீட்டுக்கு, பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறவரே பெண் பார்க்க வந்திருக்கிறார்! கூட்டம், குலம், தோட்டம், கிணறு எல்லாம் விசாரித்த மாமா இதை மட்டும் விசாரிக்கவில்லை. டாக்டர் என்றால் டாக்டர்தானே என்றிருந்துவிட்டார்.

நான்தான் கேட்டேன். "அதுக்குன்னு தனிப் படிப்பு இருக்குதுங்களா?"

சிரித்தார். "நான் போறப்ப இங்க இல்லீங்க. பட்டாளத்து ஆஸ்பத்திரியில குண்டடிக்குக் கட்டுப் போட்டுட்டு இருந்தேன். மேலதிகாரியோட ஒரு சண்டை, தூக்கி மனநோய் ஆஸ்பத்திரி வேலையில போட்டுட்டாங்க. கூடப் படிச்சவனெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தான். அங்கிருந்த பெரிய டாக்டரும் அப்படி வந்தவருதான். அதுக்கு முன்னால ஜெயில் டாக்டரு. கதவைப் பூட்டறது தவிர எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அது பொறுக்காமத்தான் லண்டன் போய்ப் படிச்சேன்."

எந்த நோயைப் படித்தீர்கள் என்று கேட்டேன். ஸ்கீசோப்ரீனியா என்றார். எழுத்து சரிதானா, தெரியவில்லை. வயசுப் பிள்ளைகளுக்குத்தான் வருமாம். இல்லாத குரல் கேட்குமாம். தனியே சிரிப்பார்களாம், குளிக்கமாட்டார்களாம், சோற்றில் விஷம் என்பார்களாம். தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்துச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்கிறார்!  நம் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் என்று இருந்தேனே. இதற்கு ஒரு பெயர் இருக்கிறதா?

"ஆரம்பத்துலயே கொண்டாந்தா நெறையப் பேரைத் திருப்பிடலாமுங்க. ரெண்டு வருஷம் தாண்டிட்டா கஷ்டம்."

பிப்ரவரி 13

அப்பா வரனே வேண்டாம் என்கிறார். "அந்தாளு மோப்பம் புடிச்சுருவான்." அம்மா அதைவிடக் கெட்டிக்காரி. "வைகாசியில தாலி ஏறட்டும். அப்புறம் மச்சானை மாப்பிள்ளை பார்க்காம வேற ஆரு பார்ப்பாங்க?"

எனக்கும் அது பிடித்திருந்தது.

பிப்ரவரி 15

அவர்களுக்குச் சம்மதம் என்று சேதி வந்தது. சந்தோஷம்தான். என் நோட்டில் எதற்குப் பொய் எழுத வேண்டும்?

பிப்ரவரி 17

வைகாசி வரைக்கும் அவன் கிடங்கிலேதானே கிடப்பான்? அதற்குள் இரண்டு வருஷம் நெருங்கிவிடுமே. அம்மாவிடம் சொன்னால், "உன் வாழ்க்கையையும் பாரு அம்மிணி" என்கிறாள். பார்க்கத்தான் பார்க்கிறேன் — இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 19

செய்துவிட்டேன். கோயிலுக்குப் போய் வருகிறோம் என்று மாமியிடம் சொல்லிவிட்டுக் கிடங்கிலிருந்து தம்பியை அழைத்துக்கொண்டு நேரே சேலத்தில் டாக்டரின் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் அவரே நின்றிருந்தார்.

"இவன் என் தம்பிங்க. கொழும்புல இருக்கறதாச் சொன்னமே, அவன்தானுங்க."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டார். தம்பியோடு தரையில் உட்கார்ந்து, "இப்ப அந்தக் கொரல் என்ன சொல்லுதுங்க தம்பி?" என்று கேட்டார்.

இத்தனை நாளில் நாங்கள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. பேசாதே, அதெல்லாம் பொய் என்றுதான் அடக்கினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நீ செத்தாத்தான் உங்கக்காளுக்குக் கல்யாணம் ஆகும்னு சொல்லுதுங்க. கெணத்தையும் காட்டுது."

 அய்யோ, இதையா இவ்வளவு நாளும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தான்?

பிப்ரவரி 24

டாக்டர் தாமே வீட்டுக்கு வந்தார். தம்பியைப் பட்டணத்தில் தம்முடைய ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துத் தம் பொறுப்பில் பார்ப்பதாகச் சொன்னார். அப்பா கும்பிட்டே விட்டார். அப்புறம் அவர் என் பக்கம் திரும்பி, "கல்யாணம் வேண்டாமுங்க" என்றார்.

'எங்கம்மா வேண்டாங்கறாங்க' என்றாவது அவர் சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நான் படிச்ச படிப்பு அப்படிங்க. இது ரத்தத்துல வாரதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நாளைக்கு நம்ம கொழந்தைய நான் டாக்டராப் பார்ப்பனா, அப்பனாப் பார்ப்பனா?"

 அவர் போன பிறகுதான் எனக்கு வார்த்தை வருகிறது, ஆயிரம் வருகிறது! கப்பலேறிப் போய்ப் படித்துவிட்டு வந்து கேட்பதும் ஊர்க்காரன் கேட்கிற அதே கேள்விதானா? ஊர்க்காரன் திமிராகச் சொல்வான், இவர் வருத்தப்பட்டுச் சொல்கிறார், அவ்வளவுதானே வித்தியாசம்? அந்த வருத்தத்தை நான் எந்த அடுப்பில் வைப்பது?

அம்மா என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 28. பட்டணம்

பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியைப் பார்க்க வந்தேன். புது ஊசி போடுகிறார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்; நின்றேன், ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. மருந்து ஏறியதும் அவன் முகத்தில் அப்படி ஒரு பயம். உடனே உடம்பு வில்லாக வளைந்து வெட்டி வெட்டி இழுத்தது. கொன்றுவிட்டார்கள் என்று அலறினேன். இதற்குப் பெயர் வைத்தியமா? வலிப்பை வரவழைத்தா நோயைத் துரத்துவார்கள்?

டாக்டர்தான் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. அடங்கிய பிறகு வெளியே வந்து, "ஏன் குணமாகுதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க. ஆகுது, அவ்வளவுதான்" என்றார். சட்டை முழுதும் வேர்வை. அவரை வெறுக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன். அது கூட முழுசாக முடியவில்லை.

ஏப்ரல் 29

தூங்குகிறான். மூச்சு வருகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஜூலை 16. ராசிபுரம்

தம்பியை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கொஞ்சம் மந்தமாக இருக்கிறான். ஆனால் தானாகக் குளித்தான். அம்மா என்னைப் பார்த்து, "நீயும் சாப்பிடு" என்றாள். ஐந்து மாதத்துக்கு அப்புறம் முதல் பேச்சு!

ஆகஸ்டு 22

டாக்டருக்குத் தாராபுரத்தில் கல்யாணம். பத்திரிகை தம்பி பெயருக்கு வந்திருக்கிறது. அப்பா அதைக் கிழிக்கப் போனார். தம்பி கையை நீட்டி வாங்கிக்கொண்டான். பெண் பார்த்த கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. இனி யாரும் சொல்லவேண்டாம் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது பத்திரிகையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். "நான் போய்ட்டு வாரேனக்கா. உசுரு குடுத்த மனுசன். அவருக்கு வாக்கப்பட்டுப் போறவங்க குடுத்து வெச்சவங்க, இல்லீங்களா அக்கா?"

"ஆமாஞ் சாமி" என்றேன்.

இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். போட்டேன்.