பட்டியலில் இல்லாத அளவு

மாடி ஆபீசில் உட்கார்ந்திருக்கும் என் பேத்திக்கு,

நேரில் சொன்னால் நீ கத்துவாய். பதிலுக்குக் கத்த எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் ஹோட்டல் ஆட்களுக்குச் சீருடை தைக்க நீ கொடுத்த பட்டியலில் சலவை மெஷின் பார்ப்பவளின் பெயர் இல்லை. கேட்டதற்கு, "அடுத்த மாசம் அவங்களை நிறுத்துறாங்க பாட்டி. வெளிய சொன்னா என் வேலையும் போயிடும்" என்றாய். நான்கு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று அவளே தையல் அறைக்கு வந்தாள். "இடுப்புல ரெண்டு இஞ்ச் விட்டுத் தைங்கக்கா. ஹோட்டல் சாப்பாடு நல்லா ஒட்டிருச்சு" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நாளைக்கு வேண்டாமென்று சொல்லப் போகிறாளாம். "பழகின இடத்த விட்டுட்டு எவ போவா?"

டேப்பை அவள் இடுப்பில் சுற்றிவிட்டேன். அளவைக் குறிக்கத்தான் கை வரவில்லை.

"அந்த வேலைக்குப் போயிடும்மா" என்றேன்.

சிரிப்பு நின்றது. "எனக்குப் புதுச் சீருடை இல்லையாக்கா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

உன் பெயரை நான் எடுக்கவில்லை. மேனேஜர் கேட்டால், பாட்டி பட்டியலைப் படித்துத் தானே கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல். அவர் நம்பமாட்டார். அப்போது, என் பாட்டி ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மாவைப் பெற்றவள்