தெரியலை என்று சொன்ன அக்காவுக்கு

மத்திகிரி, சேலம் ஜில்லா

என் பிரியமுள்ள ராஜம்மா அக்கா,

நீ அச்சில் வந்துவிட்டாய். ரொம்பப் பூரிக்காதே, உன் பெயர் கிடையாது. "அறுபத்திரண்டு வயதுப் பெண், கணவரை இழந்தவர், வேப்பனப்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பம்" என்று மட்டும்தான் இருக்கிறது. டாக்டர்கள் படிக்கிற பத்திரிகையில் நான் எழுதின கட்டுரை, இங்கிலீஷில் ஒன்பது பக்கம். மனச்சோர்வும் முதுமையில் வரும் மறதி நோயைப் போல வேஷம் கட்டும், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். நேற்றுத் தபாலில் வந்தது. உனக்குக் காட்ட முடியவில்லையே என்று கொஞ்சம் அழுதேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

ஏன் என்று கேள். கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது: "முதலில் பரிசோதித்த மருத்துவர் இதை மறதி நோய் என்று தவறாக முடிவு கட்டினார்." பெங்களூர் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் டாக்டர் கைப்பிரதியிலேயே அதைப் படித்துவிட்டு, "யாரப்பா அந்தப் புத்திசாலி?" என்றார். நான்தான் என்றேன்.

மச்சான் போய் எட்டு மாதம் கழித்து வந்தேனே, அன்று உன் மகன் முனிராஜ் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "அம்மாவுக்கு எல்லாம் மறந்து போச்சு மாமா. சோறு துன்னதுகூட நெனவில்ல. மாந்தோட்டத்த எம்பேர்ல மாத்திக்கலாம்னு பாக்கறேன். நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுங்க."

உன்னிடம் கிழமை கேட்டேன், மாதம் கேட்டேன், பிரதம மந்திரி யார் என்றுகூடக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "தெரியலை கண்ணு." நானும் பேனாவைத் திறந்து, புத்தி போய்விட்டது என்று எழுதிவிட்டேன். பெரிய படிப்பு படித்தவன் இல்லையா?

மறுநாள் காலை, அந்தப் பருவத்து முதல் மாங்காய் இறக்க ஆட்கள் வந்தார்கள். எந்த மரத்தில் முதலில் கை வைப்பது என்று வருஷா வருஷம் சொன்னவள் நீ. அந்த வருஷம் உன்னை யாரும் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்குத் தாலி அறுத்தவள் வாயிலிருந்து முதல் வார்த்தை வரக்கூடாதாம். ஆட்கள் மேற்கு மரத்தில் ஏறினார்கள். பின்கட்டிலிருந்து உன் குரல் வந்தது, அந்த ஆட்களின் தெலுங்கில்: அது கடைசியாகப் பூத்த மரம், இன்னும் பத்து நாளாகும், கிணற்றடி மரத்துக்குப் போங்கடா. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் போய் ஒரு காயை அறுத்துப் பார்த்தேன். கொட்டை பிஞ்சாகத்தான் இருந்தது.

மறதி வந்தவர்களில் பலர் தெரியலை என்று லேசில் சொல்ல மாட்டார்கள் அக்கா. மழுப்புவார்கள், வாய்க்கு வந்த கிழமையைச் சொல்வார்கள். நீ எதையும் மறக்கவில்லை. பதில் சொல்லத்தான் உனக்கு மனசில்லை. வீட்டில் யாரும் உன்னை எதுவும் கேட்காமல் விட்டதும், நான் வந்து கேட்கக்கூடாததை எல்லாம் கேட்டதும்தான் நடந்தது. எழுதின தாளை முனிராஜ் எதிரிலேயே கிழித்தேன். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது.

அப்புறம் பெங்களூர். மனச்சோர்வுக்கு ஆறு தடவை மின்சார சிகிச்சை. ஐந்தாவது முடிந்த மறுநாள், "இது காப்பியா, கழனித் தண்ணியா?" என்று நர்ஸம்மாவை அதட்டினாய். வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு அன்று வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

ஊர் திரும்பியதும் மறுபடியும் அந்த முதல் வார்த்தை வழக்கத்தை எடுத்தார்கள். "மரத்துக்கு நானு தாலியா கட்டுனேன்? தண்ணிதானடா ஊத்துனேன்" என்று ஒரே போடாகப் போட்டாயே. அதற்குப் பிறகு நாலு பருவம் உன் வாய்க்குப் பயந்துதான் தோட்டம் நடந்தது. போன தையில் காய்ச்சல் உன்னைக் கொண்டு போகிறவரை தெளிவாகப் பேசினாய். அந்த நாலு வருஷத்தை நினைத்தால் என் துக்கம் ஆறிவிடுகிறது.

போன வாரம் பேரிகை என்ற ஊரிலிருந்து ஒருவர் தன் அம்மாவை அழைத்து வந்தார். "புத்தி போயிருச்சுங்க டாக்டர், எழுதிக் குடுங்க" என்றார். அந்த அம்மாள் தலையைத் தூக்கவே இல்லை. நிஜமாகவே மறதி நோயாக இருக்குமோ? இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பேரிகைக்குப் போகிறேன். பொழுது சாய்கிறவரை அவர்கள் வீட்டில் இருப்பேன். அந்த அம்மாளை அங்கே யார் எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்று பார்ப்பேன். இனி எந்தப் பெண்ணையும் அவள் வீட்டுக்குள் போய்ப் பார்க்காமல் புத்தி போனவள் என்று எழுத மாட்டேன் அக்கா. இது உனக்குச் சத்தியம்.

உன் இடுப்பில் வளர்ந்த தம்பி,
சின்னப்பன்