கூரை பிரித்த தறி

என் உயிர் மச்சான் ஆதம்லெவ்வைக்கு, மண்ணுக்குள் கண்ணயர்ந்திருக்கும் உனக்கு உன் மச்சானின் சலாம்.

இந்த வெள்ளிக்கிழமை தோணி ஏறி அக்கரைக்கு வந்து, உன்னை அடக்கிய கபுறடியில் நிற்க நினைத்திருந்தேன். வரவில்லை. முகத்தைக் காட்ட வெட்கமாக இருக்கிறது. கடிதம் என்றால் முகம் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். எங்கள் ஊரார் யாராவது இதை வாசித்தால் வாசிக்கட்டும். இந்த வெட்கத்தில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

வெள்ளம் வடிந்ததை நீ பார்த்தாய். அதன் பின்னால் வந்த காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது. தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகும் வாவி இறங்க மனமில்லாமல் நின்றதே, நினைவிருக்கிறதா? உங்கள் கரையிலும் எங்கள் கரையிலும் ஒரு தறிக்குழி மிஞ்சவில்லை. நாம் கால் விட்டு மிதித்து நெய்த குழிகளில் தவளை குடியிருந்தது. தறி மரங்கள் எந்தக் கரையில் ஒதுங்கினவோ, யாருக்குத் தெரியும்?

நீ போன கொஞ்ச நாளில் ஹாஜியார் வந்தார். பட்டணத்துத் துணிக்கடைக்காரர், வெள்ளத்தில் அரிசி மூட்டையோடு வந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாரே, அவர்தான். தெரிந்தவர்களிடமெல்லாம் கையேந்தி, இந்த முறை எங்களுக்குத் தறியே வாங்கித் தந்தார். ரயிலில் வந்து, மாட்டு வண்டியில் ஏறி, எங்கள் வாசலில் இறங்கின தறிகள். அவருடைய யோசனையில் பிழை சொல்ல முடியாது மச்சான். குழியில்தானே தண்ணீர் நின்றது? ஆகையால் குழியே வேண்டாத தறியாகப் பார்த்து வாங்கியிருந்தார். நிலத்துக்கு மேலே நாலு காலில் நிற்கும் உயரமான தறி.

அது எங்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. நாமே குனிந்து போகிற தென்னோலைக் கிடுகுக் குடிசை, அதற்குள் அது எப்படி நிமிர்ந்து நிற்கும்? முற்றத்தில் நிறுத்தினோம். எங்கள் பக்கத்துக் கடற்காற்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சி போட்ட பாவு நூல் காற்றில் காய்ந்து முறுகி, மிதிக்க மிதிக்க அறுந்தது. குழியின் ஈரத்தில் இளகிக் கிடந்து பழகிய நூல் அது. என் மனைவி தறியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கோழி அடைய நல்ல தோது என்றாள். எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் உண்மையாகவே கோழி ஏறியிருந்தது.

ஹாஜியாரிடம் போய் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கேட்கிற மனிதர்தான். ஆனால் யார் சொல்வது? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்று பள்ளிவாசலில் பெரியவர்கள் கேட்டார்கள். குறை சொன்னால் இனி நம் ஊருக்கு எவன் உதவுவான் என்றார்கள். அடுத்தவன் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். என்னைப் பார்த்து அடுத்தவன் இருந்தான். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். எங்களுக்கு வாய் இருந்தது, அது வாசலைத் தாண்டவில்லை. அந்த நேரத்தில் உன்னை நினைத்தேன். உன் வாய்த்துடுக்குக்காக எத்தனை முறை உன்னோடு சண்டை பிடித்திருப்பேன்?

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வயிறு சும்மா இருக்குமா? வெள்ளத்தில் விழுந்த மரங்களை அறுத்து, வீட்டுக்குள்ளே மறுபடி குழி தோண்டி, பழையபடி நெய்யத் தொடங்கினோம். இடுப்பில் உடுக்கும் சாரன்கள் நெய்தோம், விலைப்பட்டன. அப்போது ஹாஜியார் தறிகளைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? குழித்தறியில் நெய்த சாரன்களைக் கொண்டுபோய் முற்றத்துத் தறிகளில் சுற்றி வைத்தோம். கோழி எச்சத்தைக் கழுவினோம். வீட்டுக்குள் குழிகளின் மேல் பலகை போட்டுப் பாயை விரித்தோம்.

ஹாஜியார் என் வீட்டுக்குத்தான் தேத்தண்ணி குடிக்க வந்தார். அந்தப் பாயில்தான் உட்கார்ந்தார். அவருக்குக் கீழே குழி, எனக்கு நெஞ்சுக்குள்ளே குழி. சாரனைத் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"தறி எப்பிடி இரிக்கி தம்பி?" என்று கேட்டார்.

"நல்லா இரிக்கி ஹாஜியார். இதப்போல ஒரு தறி நாங்க கண்டதில்ல" என்றேன்.

அதைச் சொன்னது நான்தான் மச்சான். ஊர் முழுக்க நடித்தது, ஆனால் வாயால் சொன்னது நான். அவர் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு, அப்படியென்றால் அக்கரைக்கும் இதே தறியை அனுப்புகிறேன் என்றார். அப்போதாவது பேசியிருக்கலாம். தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

அக்கரை என்றால் உன் வீடும்தானே. உன் மனைவி பாத்துமா அப்போது உனக்காக வீட்டுக்குள் அடைந்து இத்தா இருந்தாள். பிற ஆண் யாரும் அவளைப் பார்க்கப் போக முடியாது. அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று. போன கிழமை இத்தா முடிந்தது என்று கேள்விப்பட்டு, கொஞ்சம் நெல்லும் எடுத்துக்கொண்டு தோணி ஏறினேன்.

உன் வீட்டுக்குள் கால் வைத்ததும் வெளிச்சம் முகத்தில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் வானம். தறி நிமிர்ந்து நிற்பதற்காக நடுக்கூரையைப் பிரித்திருக்கிறாள் மச்சான். வெள்ளத்துக்குப் பிறகு நீ காய்ச்சலோடு கட்டிய கூரை அது. நீ கடைசியாகச் செய்த வேலை. பிரித்த கிடுகுகளைச் சுவரோரம் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தாள். தறியில் பாவு அறுந்து அறுந்து முடிச்சாகக் கிடந்தது.

கூடப் பிறக்காவிட்டாலும் என்னை அண்ணனாக நினைத்துக் காக்கா என்றே கூப்பிடுகிறவள், எனக்குப் பாய் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒங்கட ஊருல எல்லாரும் இதுலதான் நெய்யிறாங்களாம், ஹாஜியார் சொல்லி அனுப்பினாரு. எனக்கு மட்டும் அறுந்து அறுந்து போகுது காக்கா. என்ட கையிலதான் பிழை. ஒருக்கா இரிந்து காட்டித் தாங்க."

உன்னோடு போட்டி போட்டு நெய்து உன்னைத் தோற்கடித்த கை அது. அந்தக் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொன்னேன்? தோணிக்காரன் காத்திருக்கிறான், பிறகு வருகிறேன் என்றேன். நெல்லை வைத்துவிட்டு ஓடிவந்தேன். உன் கபுறைத் தாண்டித்தான் துறைக்கு வர வேண்டும். அந்தப் பக்கம் திரும்பாமல் வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒழுகாத கூரைக்குக் கீழே, ஈரமான குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்தேன். ஊடை நூல் கொண்ட நாடா கையில் ஓடவில்லை. ஊரில் நாலு பேரிடம் சொன்னேன். இப்போது போய் உண்மையைச் சொன்னால் ஊர் மானம் போகும் என்றார்கள். ஊர் மானமாம். ஒரு கைம்பெண்ணின் கூரையைப் பிரிக்க வைத்த பிறகு அது எங்கே மிச்சம் இருக்கிறது? வாடைக் காற்று திரும்பிவிட்டது. இன்றைக்குக் கடல் பக்கம் கறுத்துக் கிடக்கிறது. மாரி தொடங்கினால் அந்த வீட்டுக்குள் மழை நேராக இறங்கும்.

ஆதம்லெவ்வை, நாளைக் காலை நான் தோணி ஏறுகிறேன். கிடுகும் மண்வெட்டியும் என்னோடு வரும். என் தறி மரத்தையும் கழற்றி வைத்திருக்கிறேன். உன் வீட்டுத் தரையை மண் போட்டு உயர்த்தி, உன் குழி இருந்த இடத்தில் குழி வெட்டித் தருவேன். திரும்பும் வழியில் பட்டணத்தில் இறங்கி ஹாஜியாரிடமும் சொல்வேன், இனி இந்தத் தறியை எந்த ஊருக்கும் அனுப்ப வேண்டாம், குழித்தறிக்கு மரமும் நூல் கோக்கும் அச்சும் கொடுத்தால் போதும் என்று. அவர் முகத்தில் துப்பினாலும் துடைத்துக்கொள்வேன். ஆனால் அவரிடம் சொல்வதற்கு முன்னால் பாத்துமாவிடம் சொல்ல வேண்டும். உன் கையில் பிழை இல்லை தங்கச்சி, என் வாயில்தான் பிழை என்று.

அதைக் கேட்ட பிறகும் அவள் என்னைக் காக்கா என்று கூப்பிட்டால் உன் கபுறடிக்கு வந்து சலாம் சொல்வேன். கூப்பிடாவிட்டால் வரமாட்டேன். ஆனால் கூரையை மூடிவிட்டுத்தான் போவேன் மச்சான், இது சத்தியம்.

வாய் இருந்தும் பேசாத உன் மச்சான்,
இஸ்மாலெவ்வை