மழையில் வைத்த வாளி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் அது பொய். நீ நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. போனை நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கோபத்தில் கசக்கி எறிந்தாலும், பிறகு எடுத்து நீவிப் படிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

முதலில் உன் மகள் வாலுவின் காலில் உள்ள புண். டாக்டர் கொடுத்த களிம்பை விடாமல் போடு. ஆலைக்குக் கீழே போகும் வாய்க்காலில் அவளை மறுபடியும் இறக்காதே. ஆலைதான் மூடிக் கிடக்கிறதே என்று நினைக்காதே, அடியில் படிந்தது அங்கேயேதான் இருக்கிறது.

ஆலையைப் பூட்டியது நான்தான். எங்கள் மாசு கட்டுப்பாட்டு ஆபீசில் மேலதிகாரி கையெழுத்துப் போட்டார் என்று தப்பிக்கப் பார்க்கவில்லை. பிளைவுட்டுக்குப் பசை பூசும் உருளைகளைக் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுகூட ஆலையை விட்டு வெளியே போகக் கூடாது, தொட்டியில் பிடித்து வைத்து அடுத்த பசை கலக்கும்போது அதையே ஊற்ற வேண்டும் என்பது விதி. நான் சோதனைக்கு வரும்போதெல்லாம் தொட்டியும் ஒழுங்காக இருக்கும், வடிகாலும் சுத்தமாக இருக்கும். நானும் சரி என்று எழுதிவிட்டு, நேரே உன் வீட்டுக்கு வந்து ஒரு பிடி பிடித்துவிட்டுப் போவேன். அத்தான் வேலை பார்க்கும் ஆலை, வேறு ஆளை அனுப்புங்கள் என்று ஆபீசில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் கைச் சாப்பாடு போய்விடுமே.

அப்படிச் சாப்பிட உட்கார்ந்த ஒரு நாள்தான் அத்தான், “அதிகாரியம்மா, மழை வந்தா எங்க தொட்டிக்கு லீவு” என்று சொல்லிச் சிரித்தார். சாப்பிடும்போது ஆலைப் பேச்சு எதுக்கு என்று நீகூட அதட்டினாய். நானும் சிரித்தேன். ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான். மரக்கட்டைகளை அடுக்கியிருக்கும் மைதானத்திலிருந்து மழை நாளில் பட்டை ஊறிய தண்ணீர் எப்படியும் பழுப்பாகத்தான் ஓடும். அதோடு தொட்டியையும் திறந்துவிட்டால் எது எதன் பழுப்பு என்று யார் கண்டார்கள்?

அடுத்த பெருமழையன்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். பசை அறை மேற்பார்வை அத்தானுடையது என்பதால் கூட வந்ததும் அவர்தான். சோதனைக்கு வடிகால் தண்ணீரை ஒரே தடவையில் எடுத்துவிட முடியாது அக்கா. அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு வாளியில் சேர்த்து, கலக்கி, அதிலிருந்துதான் பாட்டிலில் பிடிக்க வேண்டும். நான் குனிந்த தலை நிமிராமல் மொண்டேன். அத்தான் குடையோடு பக்கத்தில் நின்றார். முடிந்ததும், “அக்கா காத்துட்டு இருப்பா, சாப்பிட்டுட்டுப் போம்மா” என்றார். வேலை இருக்கிறது என்று ஓடிவிட்டேன். நான் வந்தது தெரிந்து நீ தட்டு வைத்து உட்கார்ந்திருந்தாயாமே.

அந்தத் தண்ணீரில் பசையின் நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது. ஆலை மூடியது. இப்போது எல்லோரும், மச்சினியை விட்டு எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டான் என்று அத்தானை ஏசுகிறார்களாம். என் புருஷனுக்கு ஒன்றும் தெரியாது, துரோகி என் தங்கச்சிதான் என்று நீ வாசலில் நின்று சண்டை போட்டாயாம். நீ சொன்னது சரிதான். தின்ற வீட்டுப் பேச்சை வெளியே எடுத்துப் போனவள் நான். விசாரணையில் இது எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். மழை நாளில் பார்க்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது என்றேன். நாக்கூசாமல் சொன்னேன். தொட்டியின் வால்வை அடைத்து முத்திரை வைத்து, இன்னொரு தொட்டியும் கட்டினால் ஆலையைத் திறந்துவிடலாம். அத்தானை மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான் தெரியவில்லை. அவரைச் சேர்த்துக்கொள் என்று உத்தரவு போட எங்கள் விதியில் இடமில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, வேலை போன கவலை என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஒன்றே ஒன்று சொல்கிறேன், அக்கா. அன்று மழையில் தண்ணீர் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து துணியைப் பிழியும்போதுதான் எனக்கே உறைத்தது. நான் தலையோடு கால் நனைந்திருந்தேன். அத்தானும் சொட்டச் சொட்டத்தான் நின்றார். அந்த அரை மணி நேரமும் குடை வாளிக்கு மேலேதான் இருந்தது. கொஞ்சம் நகர்த்தியிருந்தால் போதும், மழை விழுந்து கலந்து, நஞ்சின் அளவு குறைந்து, ஆலை தப்பியிருக்கும்.

என் பாவத்தைப் பங்கு போட இதை எழுதவில்லை. அவரிடம் எதுவும் கேட்காதே. என்றைக்காவது அவராகச் சொன்னால், வாலுவின் காலை நினைத்துக்கொண்டு பேசாமல் இரு. அதுவரை கோபம் மொத்தமும் என்மேலேயே இருக்கட்டும். வாசலில் யாராவது வந்து பேசினால் என்னையே திட்டு, தெருவுக்கே கேட்கும்படி திட்டு. பிறகு இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, அவரை உட்காரவைத்து வயிறாரச் சாப்பாடு போடு.

நீ வைத்த தட்டுக்கு வராமல் ஓடிப்போன
உன் தங்கை