ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டர்

பிப்ரவரி 9

லிஃப்ட்காரருக்கு,

போன் பண்ணாதீர்கள், எழுதினால் படிக்கிறேன் என்று சொன்னவள் நான். இப்போது முதல் கடிதமே என்னிடமிருந்து வருகிறது. உடனே கனவு காண வேண்டாம், சாமான் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஏப்ரலில் அதே மலை ஓட்டத்துக்கு மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறேன். அதே தொண்ணூறு கிலோமீட்டர், அதே பாதை. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. மாடி அலமாரியில் என் பச்சை முதுகுப் பையும் இரண்டு மடக்குக் கம்புகளும் இருக்கின்றன. அனுப்பி வையுங்கள். விரல் விரலாகப் பிரிந்த காலுறைகளை எங்கே வைத்தேன் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மலையடிவாரத்துக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க லென்ஸ் பொருத்துகிறேன். விடிந்ததும் குன்றின் மேலிருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு இருநூற்றுப் பதினான்கு படி, பத்துத் தடவை ஏறி இறங்குகிறேன். ஏறுவதில் ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் தொடை கெஞ்சுகிறது. கால் நகம் இரண்டு கறுத்துவிட்டது. மேலாளர் அம்மா நேற்று, "யாரும்மா உன்னைத் துரத்துறா, இப்படி ஓடுறே?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

இப்படிக்கு,
நான்

பிப்ரவரி 17

அன்புள்ள பதினொண்ணுக்கு,

உன் கடிதத்தில் 'அன்புள்ள' இல்லை. உறைக்குள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கிழித்தே பார்த்துவிட்டேன். 'லிஃப்ட்காரர்' இருந்தது, போதும். ஒன்பது வருடத்துக்கு முன் பழுதான லிஃப்டின் குழியில் நான் தலைகீழாகக் கிடந்தேன். நீ பதினோரு மாடியையும் மூன்று தடவை ஓடி ஏறிவிட்டு வந்து, "இன்னும் ரெண்டு நாள் சரி பண்ணாம இருங்களேன்" என்று கேட்டாய். அன்றைக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர்கள் இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். காலுறை மூன்று ஜோடி, துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே பழைய பையில் கிடந்தன. ஒரு கம்பின் பூட்டு வழுக்கியது, சரி செய்துவிட்டேன். வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டுகிறது. ஊரெல்லாம் லிஃப்ட் சரி செய்கிறவனுக்கு ஒரு குழாயைப் பார்க்கத் துப்பில்லையா என்று திட்ட ஆளில்லாததால் அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உன் ஆறு ஓட்டங்களுக்கும் நான்தானே துணையாள்? இந்தத் தடவையும் ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டர் நிறுத்தத்தில் நிற்கட்டுமா? காலுறை மாற்றிவிட்டு, உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். வாயே திறக்க மாட்டேன்.

உன்,
லிஃப்ட்காரன்

மார்ச் 2

லிஃப்ட்காரருக்கு,

வாயே திறக்க மாட்டேன் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? போன வருடம் அங்கேதானே வாயைத் திறக்காமல் நின்றீர்கள்?

பன்னிரண்டரைக்கு அண்ணன் உங்களுக்குப் போன் செய்தான். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், நிலைமை மோசம், அவளை உடனே அனுப்புங்கள் என்றான். ஒன்றேகாலுக்கு நான் வந்தேன். உருளைக்கிழங்கை வாயில் அடைத்துக்கொண்டு, "வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டேன். "எல்லாம் நல்லா இருக்கு, நீ ஓடு" என்றீர்கள். ஓடினேன். இன்னும் முப்பத்திரண்டு கிலோமீட்டர். வழியில் பாட்டுகூடப் பாடினேன்.

அங்கிருந்து காரில் கிளம்பியிருந்தால் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். அப்பா போனது நாலு பத்துக்கு. நாற்பது நிமிஷம் அவரோடு இருந்திருப்பேன். முடிவுக் கோட்டில் நீங்கள் எடுத்த போட்டோவில் கையைத் தூக்கிச் சிரிக்கிறேன். அப்போது அவர் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

நீங்கள் வர வேண்டாம். ஒன்றை மட்டும் எழுதுங்கள். அன்று அப்பா காதில் போனை வைத்ததாகவும், மறுமுனையில் நீங்கள் இருந்ததாகவும் அண்ணன் போன வாரம்தான் சொன்னான். நீங்கள் பேசியது அவனுக்குக் கேட்கவில்லையாம். அப்பா என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? மழுப்பாமல் எழுதுங்கள்.

நான்

மார்ச் 21

அன்புள்ள பதினொண்ணுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீ கிளம்பி அரை மணி கழித்து அந்தப் போன் வந்தது. ஒவ்வொரு ஓட்டமும் முடிந்து நீ வீட்டுக்குள் நுழையும்போது மாமா கேட்பாரே, அதையே கேட்டார். "வந்துட்டாளா?"

"வந்துட்டா மாமா, கீழே லிஃப்ட்ல ஏறிட்டா" என்றேன்.

வாயில் அதுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் லிஃப்டுக்கு நேர் எதிரே இருந்தது எனக்குத் தெரியாது. தலையணையை உயர்த்தச் சொல்லி, கடைசிவரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏன் என்று உன் அண்ணனுக்கு இன்றுவரை புரியவில்லை. எனக்குத்தான் புரியும். மூன்றே முக்காலுக்கு மறுபடியும் போன். குரல் பாதி போய்விட்டது. "லிஃப்ட் நின்னுபோச்சா மாப்ளே? நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றார். பார்க்கிறேன் மாமா என்றேன்.

இரண்டு நாள் தாங்கும் என்று டாக்டர் சொன்னாராம், அதைப் பிடித்துக்கொண்டேன். முந்தின தடவை எழுபதாவது கிலோமீட்டரில் கால் பிசகி நீ அழுதது, அப்புறம் இரண்டு வருடம் பட்ட பாடு, எல்லாம் வீணாகிவிடக் கூடாதே என்றுதான் மறைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். நிஜம் அது இல்லை. நீ ஓடி முடிப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

நிறுத்தத்துக்கு வர மாட்டேன். முடிவுக் கோட்டில், கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறேன். நீ பார்க்காமல் போனாலும் பரவாயில்லை. என்னை மன்னித்துவிடு.

உன்,
லிஃப்ட்காரன்

ஏப்ரல் 23

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

'அன்புள்ள' போட்டிருக்கிறேன். முடிக்கும்வரை அதை அடிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

நன்றாகத்தான் ஓடினேன். போன வருடத்தைவிடப் பத்து நிமிஷம் முன்னாலேயே ஐம்பத்தெட்டுக்கு வந்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து நானே காலுறை மாற்றினேன். நானே வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்றேன், உப்புக் கரித்தது. எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எழவில்லை. இதற்காகத்தான் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றி, அங்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் நீட்டினேன். காலுக்கு என்ன ஆச்சு என்று பதறினாள். காலுக்கு ஒன்றுமில்லை, போன வருடமே இங்கே நின்றிருக்க வேண்டியவள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"முடிவுல உங்களுக்காக யாராச்சும் நிக்கிறாங்களாக்கா? சொல்லி அனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்றேன். நீங்கள் நிற்பது தெரிந்தேதான் சொன்னேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு கார் பிடித்து, சேறும் வியர்வையுமாக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றரை இருக்கும். லிஃப்டில் ஏறி ஐந்தை அழுத்தினேன். கதவு திறந்தது. எதிரே அதே கட்டில். அதில் வேறு யாரோ ஒரு பெரியவர், சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் காத்திருந்த ஆள் நான் இல்லை. தலை மறுபடியும் தலையணைக்குப் போய்விட்டது. பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டேன், சரி என்றார். நாலு பத்து வரை இருந்துவிட்டு வந்தேன்.

உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கோபம் இருந்தவரை, என்றைக்காவது அது தீரும், நான் திரும்பி வருவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தீர்ந்த பிறகு பார்த்தால் வர முடியவில்லை. நீங்கள் "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லும்போதெல்லாம் நான் யாருக்காவது போன் செய்து விசாரிப்பேன். அப்படி எப்படிக் குடும்பம் நடத்துவது, சொல்லுங்கள்.

கம்புகளையும் பையையும் நானே வைத்துக்கொள்கிறேன். குழாய்க்கு ஒரு வாஷர் போதும், மாற்றிவிடுங்கள். எனக்கு இனி எழுத வேண்டாம். எழுதாமல் இருக்க முடியாவிட்டாலும், அன்று முடிவுக் கோட்டில் எத்தனை மணி வரை நின்றீர்கள் என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள். படித்தால் வந்துவிடுவேன்.

பதினொண்ணு